வெயிலில் மட்டும் ஓடிய படகு

நம் ஓய்வூதியர் வாட்ஸப் குழுவில் சென்ற வாரம் ஒருவர், கட்டை அடுக்கும் பழைய மஞ்சள் நிற வீடியோ கேம் பெட்டியின் படத்தைப் போட்டார். ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் உள்ளே இருப்பதாக மேலே அச்சடித்திருக்கும். வாங்கியபின் இருப்பது ஒன்றுதான், வேகம் மட்டும் மாறும் என்று தெரியவரும். உடனே ஆளாளுக்குக் கிளம்பிவிட்டீர்கள். தொலைக்காட்சியைப் பார்த்துச் சுடும் பிளாஸ்டிக் துப்பாக்கி, தண்ணீருக்குள் வளையம் மிதக்கும் டப்பா, ஊதி ஊதிச் செருகிய கேசட். கருவூலத்தில் இருந்தவர் என்னைக் கேட்டார்: "மேடம், உங்ககிட்ட இன்னா இருந்தது?" நான் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுத் தப்பித்தேன்.

கேள்விக்குப் பதில் சொல்லாமல் கைகூப்புவது எனக்குப் பழைய பழக்கம். இந்த முறையாவது சொல்லிவிடுகிறேன். படம் கேட்காதீர்கள். பொருள் இப்போது இல்லை. அது இல்லாமல் போனதற்கான ஆவணம் மட்டும் ஒழுங்காக இருக்கிறது.

அப்பா ஜவ்வாது மலையில் வனவர். ஊரார் சொல்லில் பாரஸ்டர். ஜமுனாமரத்தூரிலிருந்து மூன்று மைல் தள்ளி எங்கள் குடியிருப்பு. எனக்குப் பதின்மூன்று வயது. அம்மாவின் தம்பி கப்பலில் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெட்டி நிறைய சோப்பு, சென்ட், நைலக்ஸ் சேலை என்று வந்து இறங்குவார். அந்தத் தீபாவளிக்கு அம்மாவுக்கு ஒரு டிரான்சிஸ்டரும் எனக்கு ஒரு சின்னப் பெட்டியும் கொண்டுவந்தார்.

உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. முகப்பில் கண்ணாடிபோல் மின்னும் உலோகத் தகடு, நடுவில் தீப்பெட்டி அளவு திரை, இரண்டு பக்கமும் இரண்டு சிவப்புப் பொத்தான்கள். திரைக்குள் ஓர் ஆறு. படகில் ஒரு கறுப்பு மனிதன். இக்கரையில் நிற்கும் ஆட்களை ஏற்றி அக்கரையில் இறக்க வேண்டும். நடுவில் முதலைகள் தலை தூக்கும். ஆளுக்குப் பத்துப் புள்ளி. முதலையிடம் மூன்று முறை மாட்டினால் ஆட்டம் முடிந்தது. ஒவ்வோர் ஆள் இறங்கும்போதும் 'பிக்' என்று ஒரு சத்தம்.

மின்கலம் கிடையாது. அதுதான் அதன் விசேஷம். திரைக்கு மேலே நான்கு கருநீலச் சதுரங்கள். அவற்றில் வெயில் பட்டால்தான் ஆறு ஓடும். மேகம் மறைத்தால் முதலில் முதலைகள் வெளிறும், பிறகு படகு, கடைசியாகப் புள்ளிக்கணக்கு. மறுபடி வெயில் வந்தால் எல்லாம் சைபரிலிருந்து. தன் வாழ்நாளில் எதையுமே நினைவில் வைத்துக்கொள்ளாத பொருள் அது. பின்னாளில் அப்படிப்பட்ட அதிகாரிகள் சிலரின் கீழ் வேலை பார்த்திருக்கிறேன்.

எங்கள் குடியிருப்போ இரண்டு பலா மரத்துக்கும் ஒரு புளிய மரத்துக்கும் அடியில் இருந்தது. நண்பகலிலும் உள்ளே அரையிருட்டு. வெளியே எடுத்துப் போகலாம் என்றால் அம்மா தடுத்தாள்.

"வெளிய காட்டாதடி. கவர்மெண்ட் உத்தியோகஸ்தர் வூட்டுல பாரின் சாமான் கீதுன்னு எவனாவது மொட்டைக் கடுதாசி போட்ருவான்."

மாமா வரி கட்டாமல் கொண்டுவந்தவை அவை. அப்பா அவற்றைச் சொத்து அறிக்கையில் காட்டவில்லை. மற்றவர்களுடைய அறிக்கைகளில் விடுபட்டதை எல்லாம் கண்டுபிடிப்பவர், டிரான்சிஸ்டரைக் கண்டுகொள்ளவே இல்லை. என் பெட்டி அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது. சாவி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, மலைச்சாலை ஓடும் பள்ளத்தைத் தாண்டி, ஒரு சாமைக் கொல்லை. அதன் நடுவே நாலு கம்பு நட்டு ஒரு பரண். கதிர் முற்றும் பருவத்தில் கிளி விரட்ட அதன்மேல் காலையிலிருந்து மாலை வரை ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். கொல்லைக்காரரின் மகள். என் வயது. மூன்றாம் வகுப்போடு பள்ளி போதும் என்று நிறுத்திவிட்டார்கள். மலையிலேயே அதிக வெயில் விழுந்த இடம் அந்தப் பரண்தான் என்று எனக்குத் தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைப் பாவாடையில் சுருட்டிக்கொண்டு போனேன்.

"இன்னாமே, பாரஸ்டர் வூட்டுப் பொண்ணு காட்டுல சுத்தினுகீற? உங்கப்பாவே உன்னப் புடிச்சு கேஸ் போட்ருவாரு."

"வாயை மூடு. ஒண்ணு காட்றேன், யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

"சொன்னா கிளிகிட்டதான் சொல்லணும். ஏறி வா."

அரை மணி நேரத்தில் என்னைவிட நன்றாக ஆடினாள். கவண் சுற்றிய கை. முதலை தலை தூக்கும் முன்பே படகை நகர்த்திவிடுவாள். நடுவில் ஒரு சந்தேகம் கேட்டாள்.

"இவன் ஏத்தி ஏத்தி அந்தாண்ட எறக்கிக்கினே கீறானே, அந்தக் கரையில இன்னா விசேசம்?"

"தெரியல. விளையாட்டு அப்படித்தான்."

"திரும்பி ஒருத்தரும் வரலியே" என்றாள். பிறகு கவண் எடுத்துக் கிளிகளைப் பார்த்து ஒரு கல் விட்டாள்.

பெட்டியை அவளிடமே விட்டுவந்தேன். என்னிடம் இருந்தால் இருட்டில் செத்துக் கிடக்கும். அவளிடம் நாள் முழுக்க உயிரோடு இருக்கும். சனி, ஞாயிறு நான் போய் ஆடுவேன், மற்ற நாள் அவள். அம்மா கேட்டால் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்று சொல்வதாக ஏற்பாடு. "உங்கூட்டுல தெரிஞ்சா அடிப்பாங்களா?" என்று கேட்டாள். தோலை உரித்துவிடுவார்கள் என்றேன். பெருமைக்குக் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். அம்மா என்னை ஒருமுறைகூட அடித்ததில்லை.

சிக்கல் புள்ளிக்கணக்கில் வந்தது.

"நேத்து எழுநூறு எடுத்தேன்மே."

"பொய்."

"பொய்யின்னா நீ வந்து குந்திப் பாரு. நான் கீழ எறங்கறதுக்குள்ள மோடம் போட்டுச்சு, எல்லாம் பூடுச்சு."

ஆதாரம் இல்லாத கூற்றை ஏற்பதில்லை என்பது எனக்கு அப்போதே இருந்த வியாதி. அதற்கு அவளே வழி கண்டுபிடித்தாள். பெட்டியின் முகப்புத் தகடு மின்னுமே, அதை வெயிலில் சாய்த்து எங்கள் வீட்டுப் பக்கம் காட்டுவது. நூறுக்கு ஒரு மின்னல். நான் பள்ளி விட்டு வந்து நாலு மணிக்குத் துணி துவைக்கும் கல்லின்மேல் ஏறி நிற்பேன். எதிர் மலையில் பளிச், பளிச் என்று வரும். எண்ணி, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் தேதி போட்டு எழுதிக்கொள்வேன். திங்கள் 4. செவ்வாய் 6. புதன் மழை. வியாழன் 7. சாட்சியும் நானே, எழுத்தரும் நானே.

இன்னொருவரும் எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த மாதம் எங்கள் சரகத்திலிருந்து ஒரு லோடு சந்தனக்கட்டை செக்போஸ்ட்டைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. எப்படிப் போனது என்று எல்லோருக்கும் தெரியும், எவரும் சொல்லமாட்டார்கள். ரேஞ்சர் அப்பாவுக்கு மெமோ கொடுத்திருந்தார். பதினைந்து நாளில் ஒரு வழக்காவது காட்டவேண்டும். அப்பாவின் கீழே இருந்த வனக்காவலர், எங்கள் பேச்சில் கார்டு, ஒருநாள் மாலை வந்து வாசலில் நின்றார்.

"சார், எதிர் கொல்லையிலருந்து கண்ணாடி காட்றாங்க சார். செவ்வாய்க்கிழமை ஆறு, நேத்து ஏழு. டைரில எழுதிக்கினு வர்றேன்."

"ஏழுன்னா?"

"ஏழு கட்டைதான் சார், வேற இன்னா? எத்தினி ரெடியா கீதுன்னு கீழ இருக்கறவனுக்குக் கணக்குக் காட்றானுங்க."

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சமையலறையில் இருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உலகத்திலேயே பெரிய நகைச்சுவை அதுதான் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறியதும் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கார்டு நம்ம ஆட்டத்த எண்றாராமா? அய்ய, பாவம், நாளிக்கு அவருக்குன்னு ஒரு பத்து சேத்துக் காட்றேன்."

திங்கட்கிழமை அப்படியே பதினைந்து மின்னல் வந்தது. நான் நோட்டில் 5 என்று எழுதி, பக்கத்தில் 'கூட 10 கார்டுக்கு' என்று எழுதினேன். கார்டு தன் டைரியில் என்ன எழுதியிருப்பார் என்று யோசிக்கவில்லை. பதின்மூன்று வயதில் பெரியவர்களை முட்டாள்கள் என்று நினைப்பது சுகமாக இருக்கிறது. முட்டாள்களின் கையில் லத்தியும் ரப்பர் முத்திரையும் இருக்கின்றன என்பது பிறகுதான் உறைக்கிறது.

புதன்கிழமை அன்றைய அரையாண்டுப் பரீட்சையை எழுதிவிட்டு மதியமே வந்துவிட்டேன். எங்கள் வீட்டு முன்னால் ஜீப் நின்றது. பலா மரத்தடியில் ரேஞ்சர் நாற்காலியில். எதிரில் கொல்லைக்காரர், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. சற்றுத் தள்ளி அவர் மகள். மேசைமேல் என் பெட்டி. அப்பா பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டிருந்தார். நான் பின்பக்கமாக உள்ளே நுழைந்து கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"எவன்டா குடுத்தான் உனக்கு இத?" என்றார் ரேஞ்சர்.

கொல்லைக்காரர் மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "வழியில கெடந்துச்சுங்க."

"வழியில கெடந்துச்சா? பாரின் மிஷின் வழியில கெடக்குதா? சரி, யார் காட்டினது? நீயா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கொல்லைக்காரர் முந்திக்கொண்டார்.

"நாந்தாங்க சாமி. அதுக்கு ஒண்ணும் தெரியாது, அது கொயந்த. நாந்தாங்க காட்டினேன்."

"யாருக்கு?"

"யாருக்குன்னு சொல்லணுமோ அவங்களுக்குதாங்க சாமி." மகளை விட்டுவிட்டால் எதை வேண்டுமானாலும் சொல்ல அவர் தயாராக இருந்தார்.

"எப்டி காட்டின? இப்ப காட்டு."

பெட்டியை அவர் கையில் கொடுத்தார்கள். தலைகீழாகப் பிடித்தார். பொத்தானை அமுக்கத் தெரியவில்லை. பலா மரத்தின் கனத்த நிழல். திரை வெறும் சாம்பல் கண்ணாடியாக இருந்தது. அவருடைய கட்டைவிரல் தகட்டைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தது. பத்தடி தள்ளி முற்றத்தில் நல்ல வெயில். எவராவது ஒருவர் அந்தப் பெட்டியைப் பத்தடி எடுத்துப் போயிருந்தால் படகு கிளம்பியிருக்கும், முதலை தலை தூக்கியிருக்கும், ரேஞ்சரே சிரித்திருப்பார். அந்தப் பெண்ணுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். அவள் ஒருமுறை வெயிலைப் பார்த்தாள், பிறகு எங்கள் வீட்டுக் கதவைப் பார்த்தாள். சொன்னால் எப்படித் தெரியும் என்பார்கள். யார் கற்றுக்கொடுத்தது என்பார்கள். என் தோலை உரித்துவிடுவார்கள் அல்லவா? அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"தொட்டதும் ஆப் பண்ணிட்டான் பார்த்தீங்களா?" என்றார் ரேஞ்சர். "எழுதுங்க அத."

அப்பா எழுதினார். அவர் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். 'எதிரி நம் முன்னிலையில் மேற்படி கருவியை இயக்கிக் காட்டும்படி கேட்டபோது, தனக்கு மட்டுமே தெரிந்த உத்தியால் அதைச் செயலிழக்கச் செய்துவிட்டார்.' பொருளின் விவரம் என்ற இடத்தில், 'சைகை காட்டப் பயன்படும் அயல்நாட்டுக் கம்பியில்லாக் கருவி, ஒன்று.' பல வருடம் கழித்து நானே அதைப் படித்தேன், அதனால் சொற்கள் நினைவிருக்கின்றன.

என் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். அம்மா. மேசைமேல் இருந்த பெட்டியை அவளும் பார்த்துவிட்டாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. "உள்ள போ" என்றாள். நான் உள்ளே போனேன். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஆணைகளிலேயே மிக விரைவாக நிறைவேற்றியது அதுதான்.

கொல்லைக்காரரை ஜீப்பில் ஏற்றினார்கள். இரண்டு நாள் சரக அலுவலகத்தில் வைத்திருந்தார்கள். அங்கே என்ன நடந்தது என்பது எந்த ஆவணத்திலும் இல்லை, இருக்காது. பிறகு கீழே கிளைச் சிறை. ஜாமீனுக்கு நிலப் பட்டாவோடு இரண்டு பேர் வேண்டும். அந்த ஊரில் பட்டா வைத்திருந்தவர்களுக்கு வழக்கு என்றால் பயம், பயமில்லாதவர்களுக்குப் பட்டா இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்குக் கிளம்பும்முன் நான் ஒரு காரியம் செய்தேன். அதை வீரம் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் மேசைமேல் வழக்குக் கட்டு இருந்தது, அதன்மேல் கார்டின் டைரி. என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களைத் திறந்து அந்த டைரிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடிவிட்டேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். திங்கள் 4, திங்கள் 4. செவ்வாய் 6, செவ்வாய் 6. ஒரே ஒரு நாள்தான் ஒத்துப்போகாது. அங்கே என் கையெழுத்தில் 'கூட 10 கார்டுக்கு' என்று இருக்கிறது. நோட்டின் மேலே அப்பாவே ஒட்டித்தந்த என் பெயர்ச்சீட்டும் இருக்கிறது. இதற்குமேல் ஒரு சாட்சியத்தால் என்ன பேச முடியும்?

மாலை வந்தபோது நோட்டு என் புத்தக அடுக்கில் ஒழுங்காக இருந்தது. கடைசியில் நான்கு தாள்கள் இல்லை. நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால் அதன் ஜோடித் தாள் தளர்ந்து நிற்கும், அதுவே காட்டிக்கொடுத்துவிடும். அந்த ஜோடித் தாள்களும் முன்பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தன. கம்பிப்பின் மறுபடி மடக்கி அழுத்தப்பட்டிருந்தது. அப்பா எதையும் முறையாகச் செய்பவர்.

அன்று சாப்பிடும்போது, "பரீட்சை எப்டி எழுதின?" என்று கேட்டார்.

"நல்லா எழுதினேன்ப்பா."

"கணக்கு?"

"அதுவும்தான்."

"சரி" என்றார். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த விசாரணை.

பரணில் அதற்குப் பிறகு யாரும் ஏறவில்லை. நான் துவைக்கும் கல்லின்மேல் நின்று பார்த்தேன். கிளிகள் கூட்டம் கூட்டமாக இறங்கின. அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் ஜாமீனுக்காகக் கீழே அலைந்துகொண்டிருந்தார்கள். மார்கழியில் மற்ற கொல்லைகளில் அறுப்பு நடந்தபோது அந்தக் கொல்லையில் வெறும் தாள்தான் நின்றது. கொல்லைக்காரர் பொங்கலுக்குப் பிறகு வெளியே வந்தார். ஒருமுறை பாதையில் பார்த்தேன். ஒரு தோள் இறங்கியிருந்தது, நடுவில் நின்று நின்று இருமினார். என்னைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டார். "போங்க பாப்பா" என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் இறந்துவிட்டார். விசாரணை தொடங்கவே இல்லை. எதிரி இறந்துவிட்டதால் வழக்கு அற்றுப்போனது என்று ஒரு வரியில் முடித்தார்கள். தாயும் மகளும் காப்பித் தோட்ட வேலைக்கு எங்கோ போய்விட்டார்கள் என்று கேள்வி. அப்பாவுக்கு அந்த வருடம் பாராட்டுக் கடிதம் வந்தது. பணிப்பதிவேட்டில் ஏறியது.

அப்பா எண்பது வயதுக்கு மேல் இருந்தார். கடைசிக் காலத்தில் வேலூரில் என்னோடுதான். ஒரு மத்தியானம் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தபோது, எந்தத் தொடர்பும் இல்லாமல் கேட்டார்.

"அது ஆயிரத்தைத் தாண்டுமா?"

தண்ணீர் டம்ளரை அவர் கையில் கொடுத்தேன்.

"தாண்டாதுப்பா. தொள்ளாயிரத்துத் தொண்ணூறுக்கு அப்புறம் சைபர்."

தலையாட்டிவிட்டுத் தண்ணீரைக் குடித்தார்.

நான் நீதித்துறையில் எழுத்தராகச் சேர்ந்து, தலைமை எழுத்தராக உயர்ந்து, கடைசியில் மலையடிவாரத்து நீதிமன்றம் ஒன்றுக்கு மாற்றலாகிப் போனேன். அங்கே வழக்குச் சொத்து அறையைச் சுத்தம் செய்யும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு. துருப்பிடித்த அரிவாள்கள், சாராயக் கேன்கள், கரையான் தின்ற சந்தனக்கட்டை. மூலையில் காக்கித் துணிப்பை ஒன்று, அரக்கு முத்திரை உடைந்து. வழக்கு எண்ணைப் படிக்கும் முன்பே பையின் கனம் என் கைக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னா மேடம் அது, கால்குலேட்டரா?" என்றான் அலுவலக உதவியாளன்.

"பார்க்கலாம்" என்று சொல்லி ஜன்னலுக்கு எடுத்துப் போனேன். நல்ல வெயில். முப்பது வருடத்துக்கு மேல் இருட்டில் கிடந்த பொருள். சிறிது நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மங்கலாக ஆறு வந்தது. முதலைகளில் பாதி இல்லை. படகு வந்தது. இக்கரையில் ஒரே ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். மூலையில் சைபர்.

"அட, வேலை செய்யுது மேடம்!"

பத்தடிதான் எடுத்துப் போயிருந்தேன்.

இத்தகைய பொருள்களுக்கு நடைமுறை உண்டு, உங்களில் பலருக்குத் தெரியும். உரிமையாளர் இருந்தால் கோரலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டும், முப்பது நாள் காத்திருக்கவேண்டும். கோருபவர் ஒரு வெள்ளைத்தாளில், இது எனக்குச் சொந்தமானது, இன்ன விதத்தில் இந்த வழக்குக்குள் வந்தது என்று எழுதிக் கொடுத்தால் போதும். அந்த ஒரு தாள் கட்டில் சேர்ந்தால், செத்துப்போன ஒரு மனிதர் எதற்காகச் சிறைக்குப் போனார் என்பது முதல்முறையாக எழுத்தில் வரும். அவருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. ஆனாலும் வரும்.

அறிவிப்பை நானே தயாரித்தேன். நானே ஒட்டச் சொன்னேன். முப்பது நாளும் காலையும் மாலையும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் என் இருக்கைக்குப் போனேன். மேசையில் வெள்ளைத்தாள் இருந்தது. அப்பா அப்போது உயிரோடு இருந்தார், ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தார். எனக்கு இன்னும் சில வருடப் பணி பாக்கி இருந்தது. இவை காரணங்கள் என்று நினைத்தேன்.

முப்பத்தோராம் நாள் நீதிமன்றப் பின்புறம், இரண்டு சாட்சிகள் முன்னிலையில், சுத்தியலால் உடைத்து எரித்தோம். இரண்டாம் சாட்சி நான். அடுத்த வருடம் விருப்ப ஓய்வு வாங்கினேன். பிரிவு விழாவில் முழங்கால் வலி என்று சொன்னார்கள், நான் மறுக்கவில்லை.

அழித்த அறிக்கை அந்தக் கட்டில் இருக்கிறது. 'உரிய கெடுவுக்குள் உரிமை கோரி எவரும் முன்வரவில்லை.' முத்துமுத்தான கையெழுத்து. எங்கள் குடும்பத்துக்கு அது வாய்த்திருக்கிறது.